பலகைக்கு முன் கம்பி

பெடல்போர்டு எது வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் பதில் பெரும்பாலும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பலகையைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் உங்களிடம் இருக்கும் கேபிள்களை எடுத்து வாருங்கள் என்பதே அந்தப் பதில். பலகை பார்க்க அழகாயிருக்கிறது. புகைப்படம் எடுக்கலாம். அதன்மேல் என்னென்ன அடுக்கலாம் என்று இரவெல்லாம் விழித்திருந்து திட்டமிடலாம். ஒரு சாண் நீளமுள்ள கறுப்புக் கம்பியை நினைத்து யாரும் தூக்கம் கெடுவதில்லை. ஆனால் வாரம் நான்கு நாள் மேடையேறிப் பிழைப்பு நடத்துகிறவரின் வருமானம் அந்த ஒரு சாண் கம்பியில்தான் தொங்குகிறது என்பது என் கட்சி.

மின்கிட்டாரோடு பழக்கமில்லாத நண்பர்களுக்காகச் சில வரிகள். கிட்டார் தந்தியின் அதிர்வை பிக்கப் என்னும் காந்தச் சுருள் மிகச் சிறிய மின்னலையாக மாற்றுகிறது. அது ஆம்ப்ளிஃபயரைச் சென்றடையும் வழியில், காலால் மிதித்து இயக்கும் சிறு உலோகப் பெட்டிகள் அமர்ந்திருக்கும். ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும். இன்னொன்று எதிரொலி சேர்க்கும். மற்றொன்று அதை நடுங்கவைக்கும். இவையே பெடல்கள். இவற்றை வரிசையாகப் பொருத்தித் தூக்கிச் செல்லும் தட்டு பெடல்போர்டு. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குச் செல்லும் குட்டிக் கம்பி பேட்ச் கேபிள். அதன் இரு முனைகளிலும் இருக்கும் 6.35 மில்லிமீட்டர் பிளக், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில் செருகிச் செருகி எடுக்கப்பட்ட பிளக்கின் நேர் வாரிசு. இத்தனை காலமாகியும் யாரும் அதை மாற்றவில்லை என்பதே அதன் சிறப்புக்குச் சான்று என்பார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அது செருகி எடுப்பதற்காகப் பிறந்தது. செருகியபடியே காரின் பின்பெட்டியில் குலுங்கிக்கொண்டு வருவதற்காகப் பிறந்ததன்று.

நான் வாசிப்பது அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரில். பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது. வார இறுதிகளில் மட்டும், அழைத்தால் போவேன். இந்நகரின் லோயர் பிராட்வே தெருவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹாங்கி டாங்க் எனப்படும் மதுக்கூடங்கள் இருபுறமும் நெருக்கியடித்து நிற்கும். 1960 முதல் அங்கிருக்கும் டூட்ஸீஸ் ஆர்க்கிட் லவுஞ்சின் பின்கதவுச் சந்தைத் தாண்டினால் ரைமன் அரங்கம். 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சி அங்கேதான் நடந்தது. காலை பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கும் பாட்டு நள்ளிரவு தாண்டியும் ஓயாது. ஒரு குழுவுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஒரு முறை. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறுவதற்குள் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். கூடம் கொடுக்கும் தொகை சிறியது. மீதியெல்லாம் கூட்டத்திற்குள் சுற்றிவரும் டிப் வாளியில் விழுவதைப் பொறுத்தது. மேடை பெரும்பாலும் வாசல் சன்னலை ஒட்டியே இருக்கும். பக்கத்துக் கூடத்தின் டிரம்ஸ் உங்கள் காதில் விழும். உங்கள் பாட்டு இரண்டு நிமிடம் நின்றால், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுத்த வாசலுக்குள் நுழைந்திருப்பார்கள். வாளிக்குப் போகவேண்டிய தாளும் அவர்களோடு போய்விடும்.

இந்தத் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரைப் பார்த்தேன். வாசிப்பில் என்னைவிட இரண்டு மடங்கு தேர்ந்தவர். 24 அங்குலப் பலகை, எட்டுப் பெடல்கள், எல்லாம் புத்தம் புதியவை. கடன் அட்டையில் வாங்கியவை என்பது பின்னால் தெரிந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் கிட்டார் நின்றுபோயிற்று. அவர் மண்டியிட்டு, செல்பேசி விளக்கைப் பற்களுக்கிடையில் கவ்விக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக அசைத்துப் பார்த்தார். ஸ்டீல் கிட்டார் வாசித்த பெரியவர் அவருடைய இடங்களையெல்லாம் தானே நிரப்பிக்கொண்டு போனார். ஆறேழு நிமிடம் கழித்து ஒலி திரும்பியது. குற்றவாளி, மூன்றாவது பெடலுக்கும் நான்காவதற்கும் இடையிலிருந்த சிறு கம்பி. அடுத்த மாதம் அந்தக் குழுவில் வேறொருவர் வாசித்துக்கொண்டிருந்தார். குழுத் தலைவரைக் குறை சொல்வதற்கில்லை. ஐந்து பேரின் வாடகைப் பணம் அந்த வாளியில் இருக்கிறது.

இதில் வேடிக்கையான முரண் ஒன்று உண்டு. இந்தப் பெடல் வியாபாரமே ஒரு கோளாறிலிருந்து பிறந்ததுதான், அதுவும் இதே நகரில். மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ என்ற பாடல் 1961-இல் வெளிவந்தது. அதை இங்கே ஒலிப்பதிவு செய்தபோது மிக்சிங் மேசையின் ஒரு தடம் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டாரின் ஒலி உறுமலாக உடைந்து வந்தது. அதை அழித்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் அந்த ஒலி வேண்டுமென்றார்கள். பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, அந்தப் பழுதை விரும்பியபோது வரவழைக்கும் ஒரு சுற்றை நண்பர் ஒருவரோடு சேர்ந்து உருவாக்கினார். கிப்ஸன் நிறுவனம் 1962-இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகு நடந்ததெல்லாம் உலகறிந்த கதை. பழுதிலிருந்து பிறந்த பொருள்களை வைத்துக்கொண்டு பழுதை எண்ணி அஞ்சுவது நியாயமா என்று கேட்கலாம். கிரேடி மார்ட்டினின் பழுது ஒலியைத் தந்தது. கம்பியின் பழுது மௌனத்தை மட்டுமே தருகிறது.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எட்டுப் பெடல்கள் என்றால் இடையில் ஏழு பேட்ச் கேபிள்கள். கிட்டாரிலிருந்து வரும் நீளக் கம்பி ஒன்று, ஆம்புக்குப் போவது ஒன்று. மொத்தம் ஒன்பது. ஆகப் பதினெட்டு பிளக்குகள். ஒவ்வொரு பிளக்கிலும் நுனிக்கு ஒன்று, உறைக்கு ஒன்று என இரண்டு பற்றுகள். ஆக 36 இடங்களில் உலோகம் உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பற்றும் ஒரு நிகழ்ச்சியில் விட்டுப்போவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் ஒன்று என்பது மிக நல்ல கம்பி. அப்படியும் முழுப் பலகையும் ஏதோ ஓரிடத்தில் கைவிடுவதற்கான வாய்ப்பு 3.5 விழுக்காடு, அதாவது 28 நிகழ்ச்சிகளுக்கு ஒருமுறை. வாரம் நான்கு நாள் வாசிப்பவருக்கு ஏழு வாரத்துக்கொரு மௌனம். மூன்றே பெடல்கள் வைத்திருப்பவருக்குப் பற்றுகள் 16. அவருக்கு அதே மௌனம் நான்கு மாதத்துக்கொருமுறை வரும். வீட்டில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு இந்தக் கணக்கு பொருட்டில்லை. எழுந்து போய்க் கம்பியை அசைத்துவிட்டு வரலாம். ஆகவே வீட்டில் வாசிப்பவர்களின் சிபாரிசை நம்பி மேடைக்குப் பலகை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாயிருக்கிறது.

சரி, கம்பிக்குள் என்ன இருக்கிறது? நடுவில் செம்பு இழைகள் பல முறுக்கிய ஒரு மையக்கம்பி. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் காப்பு. அதைச் சுற்றிச் செம்பு இழைகளாலான வலை. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சலைத் தடுக்கும் கவசம் அதுதான், மின்சுற்றின் திரும்பு பாதையும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேல் ரப்பர் போன்ற தோல். மையக்கம்பி பிளக்கின் நுனியோடும், வலை பிளக்கின் உடலோடும் சேர வேண்டும். எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

மூன்று வழிகள் உண்டு. தொழிற்சாலையிலேயே பற்றவைத்து, மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடியவை ஒரு வகை. விலை குறைவு, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று திறந்து பார்க்க வழியில்லை. போனால் குப்பைக்கூடைதான். இரண்டாவது வகை ஈயமே வேண்டாதது. கம்பியை வெட்டி பிளக்குக்குள் தள்ளி, ஒரு மூடியையோ திருகையோ முடுக்கினால், உள்ளிருக்கும் ஊசி மையக்கம்பியைக் குத்தும், விளிம்பு வலையைக் கவ்வும். பத்து நிமிடத்தில் ஒரு பலகை முழுவதற்கும் கம்பி தயார். ஜார்ஜ் எல்’ஸ் போன்ற தயாரிப்புகளைப் பல்லாண்டுகளாகத் தொழில்முறைக் கலைஞர்கள் பயன்படுத்தி வருகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மூன்றாவது, நாமே ஈயம் வைத்துப் பற்றவைப்பது.

இரண்டாவது வகையின் மேல் எனக்கிருக்கும் மனக்குறை சொந்த அனுபவத்தில் விளைந்தது. முதல் பலகையை அப்படித்தான் கட்டினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. குறையில் பாதி என் கையினுடையது. வெட்டிய முனை ஒரு மில்லிமீட்டர் சாய்வாக இருந்திருக்கலாம். வீட்டில் மூன்று மாதம் ஒரு குறையுமில்லாமல் வேலை செய்தது. மேடைக்குக் கொண்டுபோன இரண்டாவது வாரம், உயரமாக ஒரு தந்தியை இழுத்து நிறுத்தவேண்டிய இடத்தில் ஒலி காய்ந்துபோய், ‘கிர்’ரென்று ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். குளிரூட்டிய கூடத்திலிருந்து ஜூலை மாத வெயிலில் கொதிக்கும் காருக்கும், அங்கிருந்து மறுபடி குளிருக்கும் பலகை போய்வந்தது. பிளாஸ்டிக் காப்பு விரிந்து சுருங்கியிருக்கும். குத்திநின்ற ஊசியின் பிடி ஓர் இழை தளர்ந்திருக்கும். வெறும் அழுத்தத்தால் நிற்கும் தொடர்பு, அழுத்தம் குறைந்தால் நிற்காது. பலகையைக் கட்டிய பிறகு அசைக்காமல் ஓரிடத்தில் வைத்திருக்கும் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அவ்வகைக் கம்பி தாராளமாகப் போதும். தினமும் பிரித்துச் சேர்த்துத் தூக்கி அலைகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஆகவே ஈயம். இதைக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பயப்படுகிறவர்கள்தான் அதிகம். வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40 பங்கு கலந்த கம்பி ஈயம் 183 முதல் 190 பாகை செல்சியஸுக்குள் உருகும். சால்டரிங் அயர்ன் நுனி 350 பாகைக்கு அருகில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். புதியவர்கள் செய்யும் தவறு, ஈயத்தை அயர்னில் உருக்கிக் கம்பியின்மேல் சொட்டுவது. முதலில் பிளக்கின் உலோகத்தைச் சூடாக்கவேண்டும். சூடான உலோகமே ஈயத்தை இழுத்துக்கொள்ளும். அவ்வாறு படிந்த ஈயம் வழவழப்பாகப் பளபளக்கும். மங்கிப்போய்ப் பரல் பரலாக நின்றால் அது பற்றவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பிளக்கின் உடல் பெரியது, சூட்டை விழுங்கும். அங்கே பொறுமை வேண்டும். அதிக நேரம் சூட்டில் வைத்தால் உள்ளே காப்புப் பிளாஸ்டிக் உருகி, மையக்கம்பியும் வலையும் ஒன்றையொன்று தொட்டுவிடும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். முடித்தபின் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடவேண்டாம், அது காரீயம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனெனில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சில நல்ல கேபிள்களில் வலைக்கும் காப்புக்கும் இடையில் மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். கம்பி மிதிபடும்போது எழும் சலசலப்பைக் குறைப்பதற்காக வைத்தது. பார்ப்பதற்குச் சாதாரண பிளாஸ்டிக். ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். அதை நுனிவரை விட்டுவிட்டால் ஒலியில் ஒரு பகுதி அதன் வழியே கசிந்துபோகும். கம்பி வேலை செய்யும், ஆனால் மந்தமாக. நான்கு கம்பிகளை இப்படிச் செய்துவிட்டு, செம்பின் தரம் சரியில்லை என்று கடைக்காரரோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் கறுப்பு உறையைச் சில மில்லிமீட்டர் பின்னுக்கு வெட்டிவிட வேண்டும்.

பற்றவைத்தபின் மல்டிமீட்டர். நுனிக்கும் நுனிக்கும் ஏறத்தாழ சுழி ஓம். உடலுக்கும் உடலுக்கும் அப்படியே. நுனிக்கும் உடலுக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. இதைக் கம்பியைச் சும்மா கிடத்தி வைத்துக்கொண்டு பார்ப்பதில் பயனில்லை. பிளக்கின் கழுத்தருகே வளைத்தும் திருகியும் பார்க்கும்போது எண் துள்ளுகிறதா என்பதே கேள்வி. துள்ளினால் அந்தக் கம்பி மேடைக்கு வரக்கூடாது.

தட்டையான பிளக் நல்லதா, உருண்டையானதா? தட்டையானது இடத்தை மிச்சப்படுத்தும். இரண்டு பெடல்களை நெருக்கி வைக்கலாம். ஆனால் பல தட்டைப் பிளக்குகளில் கம்பியின் தோலைக் கவ்விப்பிடிக்கும் பற்கள் பெயருக்குத்தான் இருக்கும். இழுப்பெல்லாம் ஈயத்தின் மேல் விழும். அரை அங்குல இடத்துக்காக அந்த ஆபத்தை நான் ஏற்பதில்லை. கம்பியின் நீளத்திலும் கஞ்சத்தனம் கூடாது. இரு பிளக்குகளுக்கிடையே கம்பி வீணைத் தந்திபோல் விறைத்து நிற்கும் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். பெடலை ஒருமுறை அழுத்தி மிதித்தால் அந்த இழுவை முழுவதும் பற்றில் போய் நிற்கும். ஒரு சிறு வளைவு தொங்கட்டும்.

இனி ‘ஒலித்தரம்’ என்ற மந்திரம். ஒரு சாண் கம்பிக்கு ஒரு நல்ல விருந்துச் சாப்பாட்டின் விலை வாங்குகிறவர்கள் எல்லாரும் இந்தச் சொல்லைத்தான் உச்சரிக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஒவ்வொரு கம்பியும் ஒரு சிறு மின்தேக்கி. நல்ல கம்பியில் மீட்டருக்குச் சுமார் 130 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். பிக்கப் சுருளின் மின்தூண்டல் 2.5 ஹென்றி என்று கொண்டு, அதன் உள்ளிருக்கும் சிறு தேக்கத்தை விட்டுவிட்டால், 6 மீட்டர்க் கம்பி ஒன்று மட்டும் இருக்கையில் கிட்டாரின் ஒலியுச்சம் சுமார் 3600 ஹெர்ட்ஸில் நிற்கும். அந்தப் பளிச்சிடல்தான் டெலிகாஸ்டர் கிட்டாரின் உயிர். ட்ரூ பைபாஸ் வகைப் பெடல்கள் எல்லாம் அணைந்திருக்கும்போது, ஆம்புக்குச் செல்லும் இன்னொரு 6 மீட்டரும் சேர்ந்துகொள்ளும். உச்சம் சுமார் 2550-க்கு இறங்கும். இப்போது ஏழு பேட்ச் கேபிள்களைச் சேருங்கள். 20 சென்டிமீட்டர் வீதம் 1.4 மீட்டர். உச்சம் 2410. எது பெரிய இழப்பு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வரிசையின் தலையில் பஃபர் உள்ள ஒரே ஒரு பெடலை வைத்துவிட்டால் அதற்குப் பின்னால் வரும் கம்பிகளின் கணக்கே எடுபடாது. கிட்டாருக்குத் திரும்ப 3600 கிடைத்துவிடும். பாஸ் நிறுவனத்தின் சாதாரண டியூனர் பெடலே இந்த வேலையைச் செய்துவிடும். (ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய வகை ஃபஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் அதைப் பஃபருக்கு முன்னால் வைக்கவேண்டும், அது கிட்டாரை நேரடியாகத் தொட்டால்தான் சரியாகப் பேசும்.) ஆகவே பேட்ச் கேபிளுக்குத் தரும் கூடுதல் காசு உறுதிக்காக இருக்கட்டும்; ஒலிக்காக வேண்டாம். ஹாங்கி டாங்க் மேடையில் தலைக்கு மேல் எரியும் நியான் விளக்கின் ரீங்காரத்தை ஒற்றைச் சுருள் பிக்கப் வாங்கிக்கொள்ளும்போது, எந்த விலையுயர்ந்த பேட்ச் கேபிளாலும் அதை நிறுத்த முடியாது.

பலகைக்கு வருகிறேன். இது எனக்கு எளிதான பகுதி. வைத்திருக்கும் பெடல்களைத் தரையில் செய்தித்தாள் விரித்து அடுக்கிப் பாருங்கள். பாஸ் பெடல் ஒன்றின் அகலம் 73 மில்லிமீட்டர்; இரு பக்கமும் பிளக்குக்கு இடம் விட்டால் ஒன்றுக்கு 11 சென்டிமீட்டராவது வேண்டும். நான்கு பெடல்கள் ஒரே வரிசையில் 18 அங்குலத்தில் அடங்கிவிடும். இரண்டு வரிசை வேண்டுமா என்று யோசிக்கும் முன், பின்வரிசைப் பெடலை இருட்டில் மிதிக்கும்போது முன்வரிசையின் குமிழைக் கால் திருப்பிவிடாமலிருக்குமா என்று யோசியுங்கள். நான்கு மணி நேரத்தில் எத்தனை பெடல்களை நான் உண்மையில் தொடுகிறேன் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். டியூனரைச் சேர்க்காமல் மூன்று. மற்றவை சவாரி வந்தவை.

அலுமினியக் குழல்களை இடைவெளிவிட்டு இணைத்த பெடல்ட்ரெயின் வகைப் பலகை (இதுவும் நாஷ்வில் சரக்குதான்) இவ்வேலைக்குப் போதுமானது. இடைவெளி வழியே கம்பிகளைக் கீழே இறக்கலாம், அடியில் மின்வழங்கியைப் பொருத்தலாம். கிளாசிக் 2 என்னும் அவர்களது பெரிய பலகை 24 அங்குல நீளமும் 12.5 அங்குல அகலமும் உடையது. மெட்ரோ 16 என்பது 16-க்கு 8. இரண்டாவதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிட்டாரையும் தூக்கிக்கொண்டு தூரத்து வாகன நிறுத்தத்திலிருந்து நடந்துவிடலாம். முதலாவதை, பெடல்களும் மின்வழங்கியும் பையும் சேர்ந்த எடையோடு, சனிக்கிழமை இரவுக் கூட்டத்தில் பிராட்வேயில் தூக்கிச் சென்று பாருங்கள். மேடையிலும் பாடகரின் ஒலிவாங்கித் தாங்கிக்கும் டிரம்ஸுக்கும் நடுவே உங்களுக்குக் கிடைப்பது ஒரு கதவுமிதியளவு இடம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு பத்தி. ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலிபோல் எல்லாப் பெடல்களுக்கும் 9 வோல்ட் கொடுப்பது மலிவானது, இரைச்சல் தருவது. பழைய பாணி ஓவர்டிரைவ் பெடல் 10 மில்லிஆம்பியருக்கும் குறைவாகவே குடிக்கும். ஸ்ட்ரைமன் டைம்லைன் போன்ற டிஜிட்டல் எதிரொலிப் பெடலுக்கு 300 வேண்டும். இரண்டையும் ஒரே சங்கிலியில் கட்டினால், டிஜிட்டல் பெட்டியின் உள்துடிப்பு மற்றதில் சிணுங்கலாகக் கேட்கும். வூடூ லேப் போன்றோரின், ஒவ்வொரு வழியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட மின்வழங்கி விலை அதிகந்தான். பணம் போடவேண்டிய இரண்டாவது இடம் அது. மூன்றாவது இடத்தில்தான் பலகை வருகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஏன் இந்த அவஸ்தை, எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் கருவி வாங்கிவிடலாமே என்பவர்கள் உண்டு. லைன் 6 நிறுவனத்தின் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் 2018-இல் வந்த பிறகு அப்படிப் போனவர்கள் பலர். என் கணக்கின்படியே பார்த்தால் அவர்கள் செய்தது சரி; பற்றுகள் எட்டாகக் குறைந்துவிட்டன. இங்கிலாந்தின் பீட் கார்னிஷ் 1970-களிலேயே டேவிட் கில்மர் போன்றவர்களுக்காக, பெடல்களின் உள்ளுறுப்புகளையெல்லாம் ஒரே பெரும் பலகைக்குள் நிரந்தரமாகப் பற்றவைத்துக் கொடுத்ததும் இதே நோக்கில்தான். இடையில் பிளக்கே கிடையாது. அந்த ஒரு பெட்டி இறந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மிச்சம். பெடல் வரிசையில் ஒன்று செத்தால் அதை விலக்கிவிட்டு நான்கு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். நான் இன்னும் பெடல்களோடு இருப்பதற்கு அதுவே காரணம்; பழக்கமும் ஒரு காரணம்.

விலக்குவதற்கும் ஒரு முறை வேண்டும். ஒலி நின்றால் முதல் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக அசைப்பது எல்லாருக்கும் வரும் முதல் உந்துதல். அந்த இளைஞர் செய்ததும் அதுதான். கிட்டார்க் கம்பியை வரிசையின் நடுப்பெடலில் செருகுங்கள். ஒலி வந்தால் பழுது முன்பாதியில்; வராவிட்டால் பின்பாதியில். மறுபடி பாதி. எட்டுப் பெடல்களில் மூன்று முயற்சிக்குள் இடம் தெரிந்துவிடும். அதற்கும் நேரமில்லையென்றால் கிட்டாரை ஆம்பில் நேரடியாகச் செருகி அந்தப் பாட்டை முடித்துவிடுவது. இதற்காகவே பலகையைத் தாண்டி ஆம்புவரை எட்டக்கூடிய நீளத்தில் முதல் கம்பியை வைத்திருக்கிறேன். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டொரு முறை பழகிப் பார்த்தால் மேடையில் கை தானாகப் போகும். வீட்டிலிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அந்த இளைஞர் பிறகு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஸ்டீல் கிட்டார்ப் பெரியவர் எண்ணைக் கொடுத்தாராம். இதைவிடச் சிறிய பலகை எது வாங்கலாம் என்றுதான் கேட்டார். கம்பிகளை எடுத்துக்கொண்டு வரச்சொன்னேன். ஞாயிறு பிற்பகல் எங்கள் சமையலறை மேசையில் ஏழையும் வரிசையாக வைத்து மல்டிமீட்டரால் பார்த்தோம். படுத்திருக்கையில் ஏழும் நன்றாயிருந்தன. கழுத்தை வளைத்தபோது இரண்டில் எண் துள்ளியது. ஒன்றை அவரே வெட்டித் திறந்தார். வலையின் இழைகளில் நாலைந்து மட்டும் பிளக்கைத் தொட்டுக்கொண்டிருந்தன. மாலை ஏழு மணிக்குள் அவர் கையால் மூன்று கம்பிகள் தயாராயின. மூன்றாவது கம்பியின் ஈயம் பளபளத்தது. முதல் கம்பியை என் பெட்டியில் போட்டுக்கொண்டேன். அதை மேடைக்குக் கொண்டுபோகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.